ஊதா கவுன்

கூட வந்தவங்க எல்லாம் வெளியே உட்காருங்க என்று சொல்லி நர்ஸ் கதவைச் சாத்தியபோது மணி பத்து இருபது. அரை மணி நேரந்தான், இதெல்லாம் இப்போது ஒரு ஆபரேஷனே இல்லை என்று டாக்டர் நேற்றே சொல்லியிருந்தார். ஜெசிந்தா அம்மாவின் செருப்பையும் ஜெபமாலையையும் பழைய கண்ணாடியையும் போட்டிருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். தூத்துக்குடியின் அந்தக் கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் முறைக்குக் காத்திருந்த எல்லோர் நெற்றியிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, சிலருக்கு வலது புருவத்துக்கு மேலே, சிலருக்கு இடது புருவத்துக்கு மேலே, எந்தக் கண் என்று உள்ளே குழம்பிவிடாமல் இருக்க. அம்மாவுக்கு இடது. எண்பத்தொரு வயதில் அம்மா உள்ளே போகும்போது கொஞ்சங்கூடப் பயப்படவில்லை. கதவிடுக்கில் திரும்பிப் பார்த்து, “பச்சைக் கவுனு குடுத்திருக்காவட்டி, இந்த வயசுல எனக்குக் கவுனு” என்று சிரித்தாள். ஜெசிந்தாவும் சிரித்தாள். கதவு சாத்திய பிறகும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இறங்க வழி தெரியாமல் நின்றது. கவுனு. அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. கவுனு மஞ்ச இல்லட்டி, ஊதா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா சொன்னது. ஜெசிந்தா வரைந்த அந்தப் படத்தைப் பற்றி அம்மா சொன்னது அவ்வளவுதான், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மஞ்சள்தான் வேண்டும் என்று அப்போது ஜெசிந்தாவுக்கு எவ்வளவு நிச்சயமாக இருந்தது. ஐந்தடிக்கு நாலடி கான்வாஸ். பாய் கட்டிய வள்ளம் ஒன்று. வள்ளத்தின் ஓரத்தில் முகம் தெரியாமல் குனிந்திருக்கிற ஒரு பெண், தண்ணீருக்கு மேலே விரித்தபடி நிற்கிற அவளுடைய வெறுங்கை, அந்தக் கைக்குக் கீழே, நீலத்துக்குள் மல்லாந்து இறங்கிக்கொண்டிருக்கும், மஞ்சள் கவுன் போட்ட நாலு வயதுப் பெண்பிள்ளை. வள்ளத்தின் முன்பக்கம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும் ஆண். பிள்ளை ஸ்டெல்லா, ஜெசிந்தாவின் அக்கா. ஜெசிந்தா பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, பொங்கலுக்கு மறுநாள் முயல் தீவுக்குப் போகிற வழியில் கடலில் விழுந்து செத்துப்போன அக்கா. ஆனால் ஜெசிந்தாவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. சத்தியமாக இருந்தது. பாய் படபடத்த சத்தம், கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றின் வாசனை, பக்கத்தில் ஒரு இழுவைப் படகு போனதில் எழும்பி வந்த அலை, வள்ளம் ஒருக்களித்தபோது அடிவயிற்றில் ஏற்பட்ட கூச்சம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நானும் அந்த வள்ளத்தில்தான் இருந்தேன் என்று சொல்லி, பொய் சொல்லுகிறாய் என்று சிஸ்டரிடம் அடி வாங்கியிருக்கிறாள். பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்பா சொல்லிச் சொல்லி அவளை அந்த வள்ளத்தில் ஏற்றிவிட்டிருந்தார். அப்பா மிக்கேல் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிற குமாஸ்தா, ஆனால் கதை சொல்ல உட்கார்ந்தால் தெருவே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பிப்பார். அன்னிக்குக் காத்து கெழக்க இருந்து அடிச்சுது. வானம் கழுவிவச்ச வெங்கலப் பானை மாதிரி இருந்துது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று சேரும். ஒரு வருடம் ஒரு வெள்ளைப் பறவை வந்தது. இன்னொரு வருடம் பறவை பாய்மரத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான் முன்னால நின்னேன், புள்ள அம்மாட்ட இருந்தா, அம்மா கண்ணசந்துட்டா, அவ்வளவுதான், கண்ணசந்துட்டா பாவம். அந்த இடத்தில் அப்பாவின் குரல் அத்தனை மிருதுவாகிவிடும். இத்தன வருசத்துல அவள நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. அந்த இடத்தில்தான் அம்மா எழுந்து ரசம் எடுத்துவர அடுப்படிக்குப் போவாள். ரசம் மேஜை மேலேயே இருக்கும். அப்போதும் போவாள்.

ரசம் மேஜை மேலேயே இருந்ததே, அதை நான் பார்த்தேனே, ஏன் யோசிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தம்ளரில் சீனியில்லாத டீயை ஊதி ஊதிக் குடித்தார். சுவரில் இருந்த டிவியில் சத்தமில்லாமல் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள், வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்குகிற கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கை. கையைப் பற்றி அப்பா எதுவுமே சொன்னதில்லை. தண்ணீருக்கு மேலே விரித்த அந்தக் கை ஜெசிந்தாவின் சொந்தச் சரக்கு. கல்லூரியில் படிக்கிற காலத்தில் இருந்தே அந்தக் கை அவளுக்குள் இருந்தது, வரைந்து வரைந்து பார்த்தும் வரவில்லை, யார் கையோ மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் அம்மா சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, அம்மா கையக் கழுவிட்டு இங்க வந்து உக்காரேன் என்று கூப்பிட்டாள். அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொன்னபடியே வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, விரலைக் கொஞ்சம் மடக்கி, இல்லை அவ்வளவு வேண்டாம் என்றதும் திரும்ப விரித்து, இருபது நிமிடம் அசையாமல் வைத்திருந்தாள். ரேகைகளில் மஞ்சள் கறை. எதுக்குட்டி என்று ஒருதரம் கேட்டாள். சும்மாதாம்மா ஒரு படத்துக்கு. வலிக்கி மக்கா, எறக்கட்டா என்று கேட்டாள். இன்னும் ரெண்டே நிமிசம்மா. அந்த இரண்டு நிமிடத்தில்தான் விரல் நுனிகள் தானாக நடுங்க ஆரம்பித்தன, அந்த நடுக்கத்தைத்தான் பிடித்தாள், அதுதான் படத்தைத் தூக்கி நிறுத்தியது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சென்னையில் விருது கொடுத்தார்கள். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, இது என் தாயின் கை, ஒரு கணம் அசந்துபோன கை, முப்பத்தைந்து வருடமாக மூடமுடியாத கை என்று ஜெசிந்தா பேசினாள். அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது, பேசும்போதே தன் குரல் தனக்கே நன்றாக இருந்தது. முன்வரிசையில் அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் அம்மா, மடியில் கைப்பையை வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அம்மாவின் கையைத்தான் பார்த்தார்கள். ஒரு பெண் வந்து அந்தக் கையைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். ஊருக்குத் திரும்பி வருகிற ரயிலில், விருதுநகர் தாண்டின பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள். கவுனு மஞ்ச இல்லட்டி. ஊதா. எஞ் சேலயக் கிழிச்சு நாந்தான் தச்சேன். அதற்கு ஜெசிந்தா என்ன சொன்னாள்? ஊதா நீலத்தோட கலந்துரும்மா, புள்ள தெரியமாட்டா, மஞ்சள்னாத்தான் எடுத்துக்காட்டும் என்று சொன்னாள். நிறங்களைப் பற்றிக் கோவில்பட்டி வரும்வரை விளக்கினாள். அம்மா சரி சரி என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

சரி சரி என்று. மணி பத்து நாற்பது. உள்ளே இப்போது அம்மாவின் கண்ணில் என்ன செய்துகொண்டிருப்பார்கள். பழைய லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பார்களாம், வலிக்காதாம், வெளிச்சம் மட்டும் தெரியுமாம். நாளைக்குக் காலையில் கட்டைப் பிரித்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும், இருபது வருடத்துக்கு முன்பு தெரிந்த மாதிரி நிறமெல்லாம் தெரியும் என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். படம் வீட்டுக் கூடத்தில்தான் தொங்குகிறது. விருது வாங்கின படத்தை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன், என் அப்பா அம்மாவுக்குத்தான் என்று ஜெசிந்தா கொண்டுவந்து கொடுத்ததும், அப்பாவே சுவரில் ஆணி அடித்து, சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே மாட்டினார். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. யாராவது வந்தால் படத்தைக் காட்டுவார். நான் என்ன சொல்ல, மகதான் எல்லாத்தையும் சொல்லிட்டாளே என்பார். எவ்வளவு பெருமையாக இருந்தது அதைக் கேட்க. அப்பா செத்து ஒன்பது வருடம் ஆயிற்று, அம்மா இன்னும் அந்த மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். கடந்த இரண்டு மூன்று வருடமாகக் கண்ணில் புரை விழுந்து, எல்லாம் பொக மாதிரி இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் வேண்டாம் வேண்டாம் என்றவளைப் பிடிவாதமாகக் கூட்டிவந்தது யார். நான்தான். எல்லாம் நான்தான்.

பத்து நாளைக்கு முன்னால் என்றால்கூட ஜெசிந்தா இப்படி நினைத்திருக்கமாட்டாள். பத்து நாளைக்கு முன்னால்தான் வீரபாண்டியன்பட்டணத்தில் இருக்கிற மார்கிரேட் சித்தியைப் பார்க்கப் போனாள். அம்மாவின் கடைசித் தங்கச்சி. அந்த வள்ளத்தில் இருந்தவர்களில் அம்மாவைத் தவிர மிச்சம் இருப்பது சித்தி மட்டுந்தான், அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பதைச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சித்தி சும்மா, எந்த யோசனையும் இல்லாமல், அக்காவுக்குக் கப்பல் வள்ளமெல்லாம் சின்னப்பிள்ளையிலேயே ஆகாது, அன்னிக்கும் எம் மடியில தலைய வச்சு ஒரே வாந்தி, எம் பாவாடையெல்லாம் நனைஞ்சுபோச்சு என்றாள். என்னிக்கு சித்தி? அந்தப் புள்ள போன அன்னிக்குத்தான். அப்ப ஸ்டெல்லா? அது ஒங்க அப்பாட்டல்லா இருந்துச்சு, அத்தான்தான் ஓரத்துல உக்காத்திவச்சுப் புடிச்சிக்கிட்டு இருந்தாவ. சித்தி சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தவில்லை. அப்போது அத்தான் பீடி குடிப்பாராம். காற்று அடித்ததாம். நாலு குச்சி கிழித்தும் அணைந்துபோனதாம். ஐந்தாவது குச்சிக்கு இரண்டு கையையும் குவித்தாராம். அவ்வளவுதான் மக்கா, ரெண்டு கையையும் எடுத்துட்டாவ, அந்த நேரம் பாத்து அலை வந்துது. நீ படத்துல வேற மாதிரி போட்டிருந்த, படம்னா அப்படித்தான் போடணும் போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன் என்றாள் சித்தி. அப்பா பீடி குடித்து ஜெசிந்தா ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் சாமிக்கு மெழுகுவத்தி ஏற்றக்கூட அப்பா தீப்பெட்டியைத் தொடமாட்டார், அம்மாதான் ஏற்றுவாள், அதை ஒரு பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஐந்து குச்சி. இந்தப் பத்து நாளும் கண்ணை மூடினால் அந்தக் குச்சிகள்தான். ஒன்று கிழிக்கிறார், அணைகிறது. இன்னொன்று கிழிக்கிறார், அணைகிறது. மூன்றாவது. நாலாவதோடு நிறுத்திவிடுங்கள் அப்பா என்று ஜெசிந்தா சத்தம் போட நினைக்கிறாள், அவள் அந்த வள்ளத்தில் இல்லை. இத்தனை வருடம் இருந்தவள், இப்போது இல்லை. பாய் படபடக்கிற சத்தம் போய்விட்டது, புளிச்சோற்று வாசனை போய்விட்டது, எல்லாமே வாயால் செய்த பொருள்கள், அப்பா வாயால். அப்பா வாயால் செய்ததை இவள் கையால் செய்தாள். வாயால் சொன்னது ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் வந்தது. இவள் செய்தது சுவரில் ஏறி நாள் முழுக்க நின்றது.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, அதுதான் கஷ்டம். எப்போதிருந்து அப்பா அப்படிச் சொல்ல ஆரம்பித்திருப்பார். முதல் தடவை போலீசிடம் சொன்னாரா, சாமியாரிடமா, தன்னைப் பெற்றவளிடமா. முதல் தடவை சொன்னபோது அம்மா அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். அந்த முகத்தில் எதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாமான் சேர்த்துச் சேர்த்து, பறவை சேர்த்து, வெண்கல வானம் சேர்த்து, கடைசியில் அவருக்கே அது அப்படித்தான் நடந்தது என்று ஆகியிருக்கும். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், ஆணி அடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி அப்பா படத்தைப் பார்த்த பார்வை இப்போது வேறு மாதிரி ஞாபகம் வருகிறது, இதையும் நான் இப்போதுதான் செய்கிறேனா என்று பயமாகவும் இருக்கிறது. எதை நம்ப. சாயங்காலத்துக்குள் படத்தைக் கழற்றிவிட வேண்டும். அம்மா கட்டோடு படுத்திருக்கும்போதே கழற்றி, துணி சுற்றி, மாடி அறையில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஆனால் சுவரில் ஐந்தடிக்கு நாலடி வெள்ளையாகத் தெரியும். நாளைக்குப் புதுக்கண்ணால் அம்மா முதலில் பார்ப்பது அந்த வெள்ளையைத்தான். எங்கட்டி படம் என்பாள். அப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லவேண்டியதுதானே. காலில் விழவேண்டியதுதானே. அம்மா நீ இல்லம்மா, நீ இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. அதைக் கேட்டால் அம்மா அழுவாள், ஐம்பத்தேழு வருடத்து அழுகையும் வரும், பிறகு லேசாகிவிடும். ஜெசிந்தாவுக்கே கண் நனைந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது, இந்த அழுகையையும் தான் ஒரு படம் மாதிரி முன்கூட்டியே வரைந்து பார்க்கிறோம் என்று.

“திரேசம்மாள் கூட வந்தது யாரு?”

மணி பதினொன்று ஐந்து. அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரத்தில் விட்டார்கள். இடது கண்ணில் வெள்ளைப் பஞ்சு வைத்து மேலே பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. அரை மணி உட்காரட்டும், பிறகு கூட்டிப்போகலாம் என்று நர்ஸ் சொட்டுமருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜெசிந்தா அம்மாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“வலிச்சுதாம்மா?”

“ஒண்ணும் வலிக்கல. கலர் கலராத் தெரிஞ்சுது. ஒன் வேலயெல்லாம் உள்ளதான் நடக்கு போல.”

வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் பேசிவிட்டது.

“அம்மா, நான் சித்தியப் பாத்தேன். அன்னிக்கு ஸ்டெல்லா அப்பாட்டதான் இருந்தாளாமே. நீ வாந்தியெடுத்துட்டு சித்தி மடியில கெடந்தியாமே.”

அம்மா மூடாத ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள், அந்தக் கண்ணிலும் புரைதான், எவ்வளவு தெரிந்ததோ.

“மார்கிரேட் அப்படியா சொல்லுதா?” என்றாள் கடைசியில்.

“ஏம்மா நீ ஒரு வார்த்த சொல்லல? அப்பா அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஏம்மா எந்திச்சு எந்திச்சுப் போன?”

“மொதல்ல அவாளுக்காகத்தான் சும்மா இருந்தேன். மூணு மாசம் மனுசன் ஒறங்கல, கயித்த எடுத்துட்டுப் போயிட்டாவ ஒருநாள். அப்பறம் ஒருதரம் யார்ட்டயோ அப்படிச் சொன்னாவ. சொல்லிட்டு வந்து நல்லா ஒறங்குனாவ. சரி, ஒறங்கட்டும்னு விட்டேன். அவாளும் போயாச்சு. இப்ப எதுக்குட்டி?”

“நீ இல்லம்மா. உங் கையிலருந்து போகல. நாந்தான் தெரியாம அப்படிப் போட்டுட்டேன்.”

அம்மா மறுப்பாகத் தலையை ஆட்ட நினைத்து, ஆட்டக்கூடாது என்று சொல்லியிருந்தது ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்தினாள்.

“இல்ல மக்கா. என் கையிலருந்துதான் போனா.”

“அம்மா...”

“மார்கிரேட் சொல்லுதது சரியாத்தான் இருக்கும். எனக்கும் தெரியும், வாந்தியெடுத்தேன்னு தெரியும். ஆனா நெனச்சுப் பாத்தா எங் கைதான் வருது. இத்தன வருசம் சோத்துல கை வைக்கும்போதெல்லாம் அதத்தான பாத்தேன். அவ வெரலு இங்க உருவிக்கிட்டுப் போனது தெரியுது எனக்கு. இந்தா, இந்த எடத்துல.” வலது கையின் சுண்டுவிரல் பக்கத்தைக் காட்டினாள். மகள் முகம் எப்படி ஆயிற்று என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டாள். “நீ அழாத. மொத நாளு பாத்தப்ப கஷ்டமா இருந்துச்சு, அப்பறம் பழகிட்டு. எம் புள்ளய நாந்தான கடைசியாத் தொட்டேன்னு இருக்கட்டுமே. அது ஒண்ணும் மோசமில்ல. ஒரு வருத்தந்தான்.”

“என்னம்மா?”

“அவ மூஞ்சி. அந்தக் காலத்துல ஒரு போட்டோ எடுத்துவைக்கல. கண்ணுக்குள்ளயே வச்சிருந்தேன். இப்ப நெனச்சா அந்தப் படத்துல உள்ள மூஞ்சிதான் வருது. அது நீதானட்டி.”

உண்மைதான். போட்டோ இல்லாததால் ஜெசிந்தா சின்ன வயதில் கோவிலில் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த தன்னுடைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த முகத்தை வரைந்தாள். அக்கா தங்கச்சி, சாயல் இருக்காதா என்று நினைத்தாள். இருந்ததா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லக்கூடியவள் பத்தடி தள்ளி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா சொன்ன கதையில் காற்று இருந்தது, வானம் இருந்தது, பறவை இருந்தது, ஸ்டெல்லாவுக்கு ஒரு மூக்கோ, ஒரு சிரிப்போ இருந்ததில்லை. அது இல்லை என்பதே ஜெசிந்தாவுக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. ஐம்பத்தேழு வருடத்தில் அந்த வீட்டில் ஒருவர்கூட அம்மாவை உட்காரவைத்து, நீ சொல்லு என்று சொன்னதில்லை.

“அவ எப்படி இருந்தாம்மா?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

அம்மாவின் முகம் சட்டென்று வேறாயிற்று. எவ்வளவோ நாளாக அந்தக் கேள்விக்காக உட்கார்ந்திருந்தவள் மாதிரி நாற்காலியில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தாள்.

“அவளா? அவ...” என்று ஆரம்பித்தாள். கை மேலே எழும்பிக் காதுப்பக்கம் போய், அங்கிருந்து தாடைக்கு வந்து, அங்கேயே நின்றது. “முடி வந்து இப்படி... இல்ல, அது ஒனக்கு.” திரும்பவும் முதலிலிருந்து, காது, கன்னம், தாடை. உதடு மட்டும் அசைந்தது.

“பரவாயில்லம்மா.”

“இரு, இரு. வரும்” என்றாள் அம்மா.

ஜெசிந்தா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டீ குடித்த பெரியவரை உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் வந்து, பாட்டியம்மா நீங்க கிளம்பலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. மூடின கண்ணுக்குள்ளேயும் மூடாத கண்ணுக்குள்ளேயும் மாறி மாறித் தேடிக்கொண்டிருந்தாள். இதோ வந்துவிட்டது என்பதுபோல இரண்டு தடவை வாயைத் திறந்தாள். கீழே ஆட்டோ வந்து நின்றது. “வரும் மக்கா, வீட்டுக்குப் போறதுக்குள்ள வந்துரும்” என்றாள்.

வீடு வந்து சேர்ந்தது. அந்த முகம் வரவில்லை.